வயிறு ஒன்றும் சொல்லவில்லை என்றாலும்…

கேள்வி: என் தங்கைக்கு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று அண்மையில் உறுதியானது. எனக்கு 41 வயது, ஆண். வயிற்றுவலியோ வயிற்றுப்போக்கோ இல்லை, எடையும் குறையவில்லை. ஹீமோகுளோபின் மட்டும் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஏறவில்லை. நானும் பரிசோதிக்க வேண்டுமா? பேசாமல் கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: பரிசோதித்துக்கொள்ளுங்கள். கோதுமையை மட்டும் இப்போது நிறுத்திவிடாதீர்கள்.

சீலியாக் என்றால் தீராத வயிற்றுப்போக்கும் மெலிந்த உடலும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். மருத்துவர்களிலும் சிலர் அப்படித்தான். பெரியவர்கள் பலருக்கு வயிற்றில் எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. காரணம் தெரியாத இரத்தசோகை, வயதுக்கு முந்திய எலும்புத் தேய்மானம், திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், சற்றே உயர்ந்த கல்லீரல் நொதிகள் என்று வேறு வழியில் நோய் எட்டிப்பார்க்கும். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் புரதத்தால் தூண்டப்பட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகளையே அழிக்கிறது. முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் முன்சிறுகுடல். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அங்கேதான். மாத்திரை விழுங்கியும் பலன் இல்லாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

உலக மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. உடன்பிறந்தவருக்கு இருந்தால், சுமார் 10 பேரில் ஒருவருக்கு என்ற அளவுக்கு வாய்ப்பு கூடுகிறது.

டிடிஜி-ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளை (உடலின் எதிர்ப்பாற்றல் உருவாக்கும் புரதம்) அளக்கும் இரத்தப் பரிசோதனையில் தொடங்கலாம். கூடவே ஐஜிஏ வகை எதிர்ப்பொருளின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு, அப்போது நோய் இருந்தும் முடிவு இயல்பாக வந்து ஏமாற்றும். டிடிஜி எதிர்ப்பொருள் கூடியிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகத் திசு எடுத்து உறுதி செய்வார்கள். அதுவரை வழக்கமான உணவே தொடரட்டும். குளூட்டனை நிறுத்தினால் எதிர்ப்பொருள் இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். பிறகு எதைச் சோதித்தாலும் தெளிவு கிடைக்காது. உண்மையை அறிய மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வேண்டிவரும். உறுதியானால் உணவுக் கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும். அதை ஊகத்தின் பேரில் தொடங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

முடிவு இயல்பாக வந்தாலும் இரத்தசோகையை விட்டுவிடாதீர்கள். ஆண்களுக்கு இரும்புச்சத்து குறைந்தால் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்றும் பார்த்தே ஆக வேண்டும். தங்கையின் அறிக்கையையும் உங்கள் பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துக்கொண்டு குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள்.