லேசர் அடித்தால் பல் சொத்தையாகாமல் தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். பல்லின் மேல்தோடான எனாமலை லேசரால் கணநேரம் சூடாக்கி, அமிலம் எளிதில் கரைக்காதபடி மாற்றும் முறை இது. எனாமலில் கொஞ்சம் கார்பனேட் கலந்திருக்கும். நாம் தின்ற இனிப்பிலிருந்து கிருமிகள் உண்டாக்கும் அமிலத்துக்கு அதுதான் சுலபமான இரை. சூட்டில் அது வெளியேறிவிடும். பச்சை மண் பானை தண்ணீரில் கரையும், சூளையில் வெந்தது கரையாது இல்லையா, அதே கதைதான்.

சரி, உள்ளே நரம்பு வெந்துவிடாதா? 9.3 மைக்ரான் அலைநீளமுள்ள கார்பன் டை ஆக்சைடு லேசரை எனாமலின் மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்ளும். அதையும் தொடர்ந்து அடிக்காமல், விட்டு விட்டுத்தான் அடிப்பார்கள். தோசைக்கல்லைச் சட்டென்று தொட்டு எடுக்கிற மாதிரி. பல்லுக்குள் நரம்பு இருக்கும் மென்பகுதியான பல்கூழின் சூடு, இருப்பதைவிட 5.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடக்கூடாது என்பது பழைய கணக்கு. அப்புறம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், நோயாளிக்கும்தான்.

ஏற்கெனவே விழுந்த குழியை இது மூடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடாது, அதை அடைக்கத்தான் வேண்டும்.