எரித்த பிறகும் முளைக்கும் மஞ்சள் பூ முள்செடி

வணக்கம் அண்ணன். பட்டிப்பொலவில் உங்கள் கரட் தோட்டத்து வேலியோரம் இருந்த மஞ்சள் பூ முள்புதரை வெட்டி அங்கேயே எரித்தும், முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கோர்ஸ் (gorse) என்ற செடிதான். ஐரோப்பாச் செடி. இலங்கை மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவையும் பிடித்திருப்பது இதுதான்.

எரித்ததுதான் வினை. இதன் விதை கெட்டித் தோல் உள்ளது, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சூடு பட்டதும் தோல் இளகும். மேலே நிழலும் போய்விட, எல்லாம் ஒன்றாக முளைக்கும். வெட்டிய அடிக்கட்டையும் துளிர்க்கும். செடியில் எண்ணெய்ப்பசை வேறு இருக்கிறது, காற்றடித்தால் தீ காட்டுக்குப் போய்விடும். தயவுசெய்து இனி தீ வைக்காதீர்கள்.

இப்போதுள்ள கன்றுகளை மழைக்குப் பிறகு, மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். தடித்த கையுறை கட்டாயம். பெரிய செடியைக் காய் பிடிக்குமுன் தோண்டி எடுங்கள். முற்றிய காய் வெயிலில் வெடித்து விதையைச் சில மீட்டர்தான் எறியும். தூரம் போவது மண்ணோடு. டிராக்டர் டயர், சப்பாத்து, மம்பட்டி, வாய்க்கால் தண்ணீர் எல்லாம் அதற்கு வண்டிதான். அந்த ஓரத்து மண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், எனக்கு அதுதான் பெரிய பயம்.

அப்புறம், இடத்தை வெறும் மண்ணாக விடாமல் புல்லை நெருக்கமாக வளர விடுங்கள். நிழலில் கோர்ஸ் கன்று தேறாது. வருஷா வருஷம் பூக்குமுன் சுற்றிப் பார்த்துப் பிடுங்க வேண்டிவரும். வேலிக்கு அப்பால் சமவெளிப் பூங்கா எல்லை என்றால் நீங்களே இறங்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் சொல்லுங்கள்.