பைக்குள் கிடக்கும் ஸ்வெட்டரும் அடுத்த பின்னலும்

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். கணவருக்காக ஆறு மாதம் உட்கார்ந்து, முறுக்கிய கயிறு போலப் புடைத்து நிற்கும் கேபிள் டிசைன் ஸ்வெட்டர் ஒன்று பின்னினேன். முன்பக்கம், முதுகு, இரண்டு கை எல்லாம் தயார். ஆனால் சேர்த்துத் தைக்கப் பயம். ஒரு மாதமாகப் பையிலேயே கிடக்கிறது. அடுத்ததை ஆரம்பிக்கக் கை பரபரக்கிறது. லேஸ் சால்வையா, இரண்டு நிற டிசைனா, எதை எடுக்கட்டும்?

பதில்: முதலில் அந்தத் துண்டுகளைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். இப்போது வேறொன்றை ஆரம்பித்தால் அவை அடுத்த குளிர்காலம் வரை அப்படியே கிடக்கும். என்னிடம் பின்னல் கற்க வருபவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படி ஒரு பை இருக்கிறது. ஆறு மாத உழைப்பு ஒரு வாரத் தையலுக்காகக் காத்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

தைப்பதற்கு முன் துண்டுகளை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு நூல் என்னவென்று தெரியவேண்டும். லேபிள் தொலைந்துவிட்டால் ஒரு சிறு துண்டு நூலை இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக்.

கம்பளி என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு இருபது நிமிடம் ஊறவையுங்கள். தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. கம்பளி சுருங்கித் திரண்டுவிடும். ஒரு டவலில் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி அழுத்தினாலே தண்ணீர் போய்விடும். பிறகு மெத்தைமேல் காய்ந்த டவல் விரித்து, டேப்பால் அளந்து, துருப்பிடிக்காத ஊசி குத்திக் காயவிடுங்கள். அகலத்துக்காக இழுக்காதீர்கள், இழுத்தால் கேபிளின் புடைப்பு தட்டையாகிவிடும். குன்னூர் ஈரத்தில் முழுதாகக் காய இரண்டு மூன்று நாளாவது ஆகும். அவசரப்படாதீர்கள்.

அக்ரிலிக் என்றால் ஆவி மட்டும். அயர்ன் பாக்ஸை ஓர் அங்குலம் மேலே பிடித்து ஆவி காட்டுங்கள், துணியில் படவே கூடாது. என் முதல் அக்ரிலிக் ஸ்வெட்டரின் கைப்பகுதியில் அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டேன். பின்னல் படிந்து தொளதொளவென்று ஆனது, அப்புறம் மீளவே இல்லை.

இனி தையல். முதலில் தோள்பட்டை, பிறகு கழுத்துப்பட்டி, அதன்பின் கையைத் தோளில் பொருத்துவது. கடைசியாக இடுப்பிலிருந்து அக்குள், அக்குளிலிருந்து மணிக்கட்டு என்று ஒரே ஓட்டம். பக்கத் தையலுக்கு இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் மேலே தெரிய அருகருகே வையுங்கள். ஓரத்தில் முதல் கண்ணியையும் இரண்டாவது கண்ணியையும் விரலால் லேசாக விலக்கினால், நடுவே ஏணிப்படி போலக் குறுக்கிழைகள் தெரியும். இந்தப் பக்கம் இரண்டு படி, அந்தப் பக்கம் இரண்டு படி என்று மாற்றி மாற்றி மழுங்கிய ஊசியால் கோத்துக்கொண்டே போங்கள். நூல் தளர்வாகவே இருக்கட்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் மெதுவாக இழுங்கள். இரண்டு ஓரமும் உள்ளே மடங்கி, தையல் இருந்த இடமே தெரியாது. முதல்முறை அதைப் பார்க்கும்போது உங்கள் பயம் போய்விடும்.

தோள்பட்டை ஓரம் அலை அலையாக விரிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் கண்ணிகளை இறுக்கி வைத்திருக்கும், முடிக்கும் வரிசையில் அவை விரிந்துவிடும். அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்து, ஆறு கண்ணிக் கேபிளுக்கு இரண்டு இடத்தில் இரண்டிரண்டு கண்ணியைச் சேர்த்து மூடுங்கள், ஓரம் படிந்துவிடும்.

சரி, அடுத்தது என்ன? இரண்டு நிறம்தான், ஆனால் ஸ்வெட்டர் வேண்டாம், ஒரு குல்லா. காரணம் இருக்கிறது. ஒரு பெரிய வேலைக்குப் பிறகு புதிதாக ஒரு விஷயத்தை மட்டும் கற்றுக்கொள்வது நல்லது. வரைபடம் பார்த்துப் பின்ன ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, புதிது இரண்டாவது நூல் மட்டும்தான். வட்ட ஊசியில் பின்னுவதால் நல்ல பக்கமே எப்போதும் கண்முன் இருக்கும், தைக்க வேண்டிய ஓரமே கிடையாது. லேஸில் தவறிய கண்ணியை நூல்போட்ட துளைகளுக்கு நடுவே திரும்பப் பிடிப்பது சிரமம். அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பத்துப் பதினைந்து வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணியிலும் ஒரு தையல்நூலைக் கோத்துவிடுங்கள். பிரிக்க நேர்ந்தால் அதோடு நின்றுவிடும்.

இந்த மாதிரி நிறப் பின்னலுக்குப் பேர்போன, ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஃபேர் ஐல் தீவில் ஒரு வரிசைக்கு இரண்டு நிறத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எத்தனை நிறம் தெரிந்தாலும் வரிசைக்கு இரண்டுதான். பயன்படாத நூல் பின்பக்கமாக ஓடுவதால் துணி இரட்டைத் தடிமனாகி நன்றாகக் கதகதக்கும். அந்த ஓடும் நூலை இறுக்கினால் குல்லா தலையில் ஏறாது. வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரித்துவிட்டு அடுத்த நிறத்தை எடுங்கள். ஐந்து கண்ணிக்கு மேல் ஓடினால், பின்னிக்கொண்டிருக்கும் நூலோடு நடுவில் ஒருமுறை சிக்கவையுங்கள். நிறம் தேர்ந்தெடுக்க இரண்டு உருண்டையையும் சேர்த்து வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் டிசைன் எடுபடாது.

ஊசி வாங்கும்போது எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். நம் கடைகளில் பழக்கமான பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8ஆம் எண் 4 மி.மீ. அமெரிக்க டிசைனில் 8 என்றால் 5 மி.மீ. பின்னல் ஊசிக்கு நீங்கள் தூரம் போகவேண்டியதில்லை. 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ், போனி ஊசிகள் செய்யும் நிறுவனம், பக்கத்துக் கேத்தியில்தான் இருக்கிறது. 40 சென்டிமீட்டர் வட்ட ஊசி ஒன்றும், உச்சியில் கண்ணி குறையும்போது தேவைப்படும் இருமுனை ஊசி ஒரு செட்டும் போதும்.

ஸ்வெட்டரில் மீந்த நூலைக் குல்லாவுக்கு எடுக்கலாம், ஆனால் முழுவதையும் தீர்த்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டரைச் சிறு சிட்டமாகக் கட்டி, ஸ்வெட்டரைத் துவைக்கும்போதெல்லாம் கூடவே துவைத்து வையுங்கள். நாலைந்து வருடம் கழித்து முழங்கை தேயும்போது, அதே அளவு வெளுத்த நூல் கையில் இருக்கும்.