சதிக் கதை நம்பும் அண்ணனிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: என் அண்ணன் நன்றாகப் படித்தவர், என்மேல் உயிரையே வைத்திருப்பவர். கொஞ்ச காலமாக அவர் பேச்சே மாறிவிட்டது. நிலவில் மனிதன் இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டுடியோவில் எடுத்த படம் என்று ஆரம்பித்தார். இப்போது தடுப்பூசியே சதி என்கிற வரைக்கும் வந்துவிட்டார். மறுத்துப் பேசினால், "உனக்குச் சுயமாக யோசிக்கத் தெரியாது" என்கிறார். என் பிள்ளைகள் அவர் சொல்வதை வாய் பிளந்து கேட்கிறார்கள். சதிக் கோட்பாடுகளை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்களாமே, அவர்கள் என்ன சொல்கிறார்கள்? நான் வாதாடுவதா, விட்டுவிடுவதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வாதாடுங்கள். ஆனால் இப்போது வாதாடுகிற முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. 1964-ல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர், எங்கும் சதியையே காணும் அரசியல் பேச்சைச் சந்தேக வெறி பிடித்த ஒரு பாணி என்று வர்ணித்தார். மருத்துவ அர்த்தத்தில் இதைச் சொல்லவில்லை என்று அவரே தெளிவுபடுத்தியிருந்தார். படித்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை; சதி என்று பேசுகிறவர்களுக்கு மனம் சரியில்லை என்ற எண்ணம் மட்டும் ஊன்றிவிட்டது. உங்கள் அண்ணனுக்குக் கோபம் வருவது இந்த இளக்காரத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

ஏனென்றால் நிஜமான சதிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கிகீயில், 1932-லிருந்து 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்கள் 399 பேருக்கு அவர்களுடைய நோய் என்னவென்றே சொல்லாமல், சிகிச்சையும் தராமல், நோய் முற்றுவதை அரசின் பொது சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்துக் குறிப்பெடுத்தது. அந்த நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. சார்லஸ் பிக்டன், டேவிட் கோடி போன்ற தத்துவ அறிஞர்கள் இதனால்தான் ஒரு விஷயத்தில் உறுதியாக நிற்கிறார்கள்: சதி என்று சொல்லிவிட்டாலே அது பொய்யாகிவிடாது, ஒவ்வொன்றையும் அதனதன் ஆதாரத்தை வைத்தே எடைபோட வேண்டும். காசிம் காஸம் போன்றவர்கள் இதை ஏற்பதில்லை. இந்தக் கதைகளில் பெரும்பாலானவை அரசியல் பிரசாரம், அந்த ஆபத்தைப் பார்க்காமல் தனித்தனியாக ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது என்பது அவர் வாதம். பொதுவெளியில் காஸம் சொல்வதற்கு மதிப்பு உண்டு. ஆனால் வீட்டுக்குள், உடன்பிறந்தவரிடம் பேசும்போது, நான் பிக்டன் பக்கம்தான்.

அண்ணனிடம் கேட்கத் தகுந்த ஒரு கேள்வியும் இந்தத் தத்துவ விவாதத்திலிருந்தே கிடைக்கிறது. பிரையன் கீலி 1999-ல் எழுதியது: ஒரு சதி வெளிப்படாமல் நீடிக்க நீடிக்க, அதை நம்புகிறவர் மேலும் மேலும் பலரைச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். கடைசியில் நம்புவதற்கு யாருமே மிஞ்சமாட்டார்கள். டஸ்கிகீ விஷயத்தில் உள்ளே இருந்த ஒருவரே பத்திரிகையாளரிடம் போனார், செய்தி வெளியானது, சோதனை நின்றது. நிலவுப் பயணமோ 1969-க்கும் 1972-க்கும் இடையில் ஆறு முறை நடந்திருக்கிறது. அதில் உழைத்தவர்கள் லட்சக்கணக்கானோர். பந்தயத்தில் தோற்ற சோவியத் ஒன்றியம்கூட அதைப் பொய் என்று சொல்லவில்லை. "இத்தனை பேரும் கூட்டு என்றால், யாரை நம்பலாம் அண்ணா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள்.

ஆதாரம் காட்டக் காட்டப் பிடிவாதம் கூடிவிடும் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருக்கலாம். 2010-ல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது உண்மைதான். பிறகு தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விஷயங்களை வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்டத் தென்படவே இல்லை. 2024-ல் 'சயின்ஸ்' இதழில் தாமஸ் காஸ்டெல்லோ, கார்டன் பென்னிகுக், டேவிட் ரான்ட் வெளியிட்ட ஆய்வு இதைவிட நம்பிக்கை தருகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், தாங்கள் நம்பும் சதியையும் அதற்குத் தாங்கள் வைத்திருக்கும் ஆதாரத்தையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதச் சொன்னார்கள். அந்தக் குறிப்பிட்ட ஆதாரத்துக்கு மட்டும் செயற்கை நுண்ணறிவு மூன்று சுற்றுப் பதில் சொன்னது. அந்தச் சதியின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது. நிஜமாக நடந்த சதிகளின் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் குறையவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

20 சதவீதம் என்பது மனமாற்றம் ஆகாது. அண்ணன் ஒரே மாலையில் திருந்திவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் "இதெல்லாம் அபத்தம்" என்று மொத்தமாக ஒதுக்குவதைவிட, "உங்களை நம்ப வைத்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பது எவ்வளவோ மேல். காற்றே இல்லாத நிலவில் கொடி எப்படி அசையும் என்று அவர் கேட்டால், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கொடி தொங்கிவிடாமல் விரிந்து நிற்க அதன் மேல் விளிம்பில் குறுக்கே ஒரு கம்பி செருகியிருந்தார்கள். அப்போலோ 11-ல் அந்தக் கம்பி முழுதாக நீளவில்லை. அதனால் துணி சுருங்கி, அலையடிப்பது போலப் படத்தில் தெரிகிறது. கம்பத்தை நடும்போது கை பட்டு ஆடிய கொடியைச் சட்டென்று அடக்கக் காற்றும் அங்கே இல்லை. வானத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை என்பார். வெயிலில் பளீரென்று கிடக்கும் தரைக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் மங்கலான நட்சத்திரம் படத்தில் விழாது. இப்படி ஒன்றை முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். அவர் தாவினால் "முதலில் இதை முடிப்போம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று: உளவியல் ஆய்வாளர் கேரன் டக்ளஸ் குழுவினர் 2017-ல் சொன்னபடி, மனிதர்களை இந்தக் கதைகள் மூன்று தேவைகளால் இழுக்கின்றன. குழப்பத்துக்கு விளக்கம் வேண்டும், வாழ்க்கை கைவிட்டுப் போகவில்லை என்ற பிடிமானம் வேண்டும், தனக்கும் தன் கூட்டத்துக்கும் மதிப்பு வேண்டும். பேச்சு மாறிய சமயத்தில் அண்ணனுக்கு என்ன நடந்தது? வேலையா, இழப்பா, தனிமையா? நீங்கள் கடிதத்தில் அதை எழுதவில்லை. அவரிடமே கேளுங்கள், நிலவைப் பற்றிப் பேசாத ஒரு நாளில்.

பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் வேண்டாம். டேனியல் ஜாலியும் டக்ளஸும் தடுப்பூசிச் சதிக் கதைகளை வைத்துச் செய்த சோதனையில், மறுப்பை முதலில் படித்தவர்களிடம் கதை எடுபடவில்லை. கதையை முதலில் படித்தவர்களிடம் பிறகு வந்த மறுப்பு எடுபடவில்லை. மாமா அடுத்து என்ன சொல்லக்கூடும், அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே முந்திக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். மாமாவை மட்டம் தட்டாமல் சொல்லுங்கள். அவர்களுடைய தடுப்பூசியை, அண்ணனோடு வாதம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து உரிய நாளில் போட்டுவிடுங்கள்.