பெரியப்பாவின் சந்தா ரசீது

“பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் தாத்தா, கே. ஆனந்த நம்பியார் படத்தை வீட்டில் மாட்டியிருந்தார். தொழிற்சங்கக்காரர் ஒருவர் சட்டசபைக்குப் போனது சமரசம் இல்லையா? இப்படி எளிமையான தலைவர்கள் இன்று ஏன் இல்லை? அவரைப் பற்றி என்ன படிக்கலாம்?” – ச., திருச்சி

அன்புள்ள ச.,

என் பெரியப்பாவும் பொன்மலையில் பிட்டர். இரண்டு நாளாக அவர் நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்து நிற்கிறது.

புத்தகப் பட்டியலெல்லாம் கேட்காதீர்கள். தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள்.

‘எளிமை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எரிச்சல். எத்தனை வேட்டி, எத்தனை சட்டை என்று எண்ணி, மாலை போட்டு, ஆளை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். அவர் யாரிடம் என்ன கேட்டார் என்பது நமக்கு வேண்டாம்.

என்ன கேட்டார் தெரியுமா? 1946இல் 215 பேர் கொண்ட சென்னை சட்டசபையில் தொழிலாளர்களுக்கு 6 இடம். ரயில்வே தொழிற்சங்கத் தொகுதியிலிருந்து போனவர் நம்பியார். அதே வருஷம் செப்டம்பர் 5, பொன்மலை சங்கத் திடலில் போலீஸ் சுட்டு 5 தொழிலாளர்கள் செத்தார்கள். அப்புறம் நம்பியாருக்குத் தடுப்புக்காவல், அதாவது விசாரணையே இல்லாமல் சிறை. உள்ளே இருந்தபடியே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்: நான் உறுப்பினன், சபை கூடும்போது என்னை அனுப்ப வேண்டும். முடியாது என்றது நீதிமன்றம். 1964 டிசம்பர் கடைசியில், திருச்சி எம்.பி.யாக இருந்தபோது மறுபடியும் உள்ளே வைத்தார்கள். இந்த முறை புதுக்கோட்டை எம்.பி. உமாநாத்தும் சேர்ந்துகொள்ள, உச்ச நீதிமன்றம் வரை அதே கேள்வி. அங்கேயும் தோல்விதான். சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். 1967இல் திருச்சிக்காரர்கள் திரும்ப அவரையே அனுப்பினார்கள்.

உறுப்பினரைப் பூட்டி வைத்தால் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களையும் சேர்த்துத்தானே பூட்டுகிறீர்கள்? இதைக் கேட்க இரண்டு முறை படியேறிய மனிதரைப் பற்றி எழுதும்போது உங்களுக்குத் தோன்றியது எளிமை!

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். செப்டம்பர் 5 வந்தால் பெரியப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத் திடலுக்குக் கிளம்புவார். ஒரு வருஷம் என்னையும் கூட்டிப்போனார். பசிக்கிறது என்று அழுது பாதியிலேயே அவரைத் திரும்பி வரவைத்தேன். வழியெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் போன பிறகு பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தோம். நகை இருக்கும் என்று பெரியம்மா நினைத்திருந்தார். உள்ளே முழுக்க சங்கச் சந்தா ரசீது. மாதம் தவறாமல், வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். சட்டசபைக்கு ஆள் அனுப்பிய காசு அது.

உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். அப்படி ஏதாவது கிடைத்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.