வெள்ளைக் குவார்ட்ஸ் மேடையில் மஞ்சள் வட்டம்

வெள்ளவத்தை பிளாட்டில் குசினி மேடையில், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டம் விழுந்துவிட்டது, மேசன் கிரைண்டர் போட்டு மினுக்கித் தருகிறேன் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அவரை நிறுத்துங்கள்.

அந்தக் குவார்ட்ஸ் மேடைப் பலகை முழுக் கல் அல்ல. நிறையில் ஏறக்குறைய 90 சதவீதம் குவார்ட்ஸ் தூள். மீதி பெரும்பாலும் அதை ஒட்டிப் பிடிக்கும் பிசின். சூட்டுக்குப் பயப்படுவது பிசின்தான். 150 பாகை செல்சியஸ் அளவிலேயே மஞ்சளாகத் தொடங்கலாம். பொரித்து இறக்கிய தாச்சி அதைச் சுலபமாகத் தாண்டும்.

வட்டத்தை வெளிச்சத்தில் சாய்ந்து பாருங்கள். தாச்சியின் அடி அளவில், பளபளப்பும் மங்கியிருந்தால் பிசின் கருகியிருக்கிறது. எதைப் பூசினாலும் போகாது. உத்தரவாதத்திலும் சூட்டுச் சேதம் பெரும்பாலும் சேராது. பளபளப்பு அப்படியே இருந்தால் கறி மஞ்சளாக இருக்கலாம். அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் விட்டு மெதுவாகத் துடையுங்கள். கறி மஞ்சளின் கறை வெளிச்சம் பட்டே மெல்ல வெளிறும், அவசரப்பட்டு பிளீச் ஊற்றாதீர்கள்.

அப்புறம் அந்தக் கிரைண்டர். தண்ணீர் விடாமல் அரைத்தால் குவார்ட்ஸிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். இந்தத் தூசு தரும் நுரையீரல் நோயால்தான் அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடைசெய்தது. பூட்டிய பிளாட்டுக்குள், பிள்ளைகள் இருக்கும்போது, சத்தியமாக வேண்டாம். தொழிற்சாலைப் பளபளப்பும் திரும்பி வராது.

சூட்டு வட்டம்தான் என்றால் அதன் மேல் ஒரு மரப்பலகையை வைத்துவிடுங்கள். இனித் தாச்சியையும் அதிலேயே இறக்கலாம்.