படத்தில் துணியின் இழை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா பாட்டியின் படத்தை ஃபோட்டோஷாப்பில் கேன்வாஸ் ஓவியம்போல மாற்றினேன். திரையில் இழை அழகாகத் தெரிந்தது. 12×18 அங்குலத்தில் அச்சிட்டபோது இழையே தெரியவில்லை. ரிலீஃப் அளவைக் கூட்டி மறுபடியும் அச்சிட்டால், முகமெல்லாம் புள்ளி விழுந்ததுபோல் ஆகிவிட்டது. என்ன செய்வது?
– வாசகர், கோபிசெட்டிப்பாளையம்

பதில்: படத்தின்மேல் துணி, கல் போன்ற இழையைப் பதிக்கும் டெக்ஸ்ச்சரைசர் ஃபில்டர், அதைப் பிக்சல் (படத்தின் மிகச் சிறு புள்ளி) கணக்கில்தான் பதிக்கிறது; படம் எத்தனை அங்குலத்தில் அச்சாகப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் தங்கள் படம் 3600×5400 பிக்சல் கொண்டது. 8 பிக்சல் அகலமுள்ள இழை அதில் முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. சுவரில் மாட்டி எட்ட நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது எட்டாது. கூட்ட வேண்டியது இழையைப் பெரிதாக்கும் ஸ்கேலிங். அது 200 சதவீதம் வரை போகும். ரிலீஃப் என்பது இழையின் மேடு பள்ளத்தைத்தான் ஆழமாக்குமே தவிர, இழையைப் பெரிதாக்காது. அதனால்தான் முகம் அப்படி ஆயிற்று.

முகத்தைக் காப்பதற்கு, ஃபில்டரைப் போடுவதற்கு முன்பே லேயரை (படத்தின் அடுக்கை) ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது மூலப் படம் மாறாமல் காக்கப்படும் அடுக்காக, மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது ஃபில்டருக்கென ஒரு மாஸ்க் கிடைக்கும்; அதில் கறுப்புப் பட்ட இடத்தில் இழை மறையும், சாம்பல் பட்ட இடத்தில் மெலியும். அளவுகளையும் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த மாஸ்க்கில் கண்களையும் உதடுகளையும் கறுப்பாலும், கன்னம் நெற்றியைச் சாம்பல் நிறத்தாலும் மெல்லத் தடவுங்கள். முகம் முழுவதையும் கறுப்பால் அழித்துவிட்டால், துணியில் வரைந்த உடம்பின்மேல் காகிதத்தில் வெட்டிய தலையை ஒட்டியதுபோல் இருக்கும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: ஒளியின் திசை. முகத்தில் இடப்புறமிருந்து ஒளி விழுந்திருந்தால், ஃபில்டரிலும் இடப்புறத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டும் முரண்பட்டால், பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாமலே படம் உறுத்தும்.

கேள்வி: எங்கள் ஊர் ஜமக்காளத்தின் நெசவையே படத்துக்கு இழையாகப் பயன்படுத்த முடியுமா?
– வாசகர், பவானி

பதில்: தாராளமாக முடியும்; மென்பொருளோடு வரும் கேன்வாஸ், சாக்கு, செங்கல், மணற்கல் என்ற நான்கையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது, இப்படி ஒருவர் கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஜமக்காளத்தைச் சமமாக விரித்து, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நேர் மேலிருந்து படம் எடுங்கள். நூலின் ஓரத்தில் விழும் மெல்லிய நிழல்தான் நமக்கு வேண்டிய இழை; உச்சி வெயிலில் அது மறைந்துவிடும்.

ஜமக்காளத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதன் அழகே அகன்ற வண்ணப் பட்டைகள்தான். ஆனால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் அந்தப் பட்டைகள் கருமையும் வெளிர்மையுமாக நின்று, முகத்தின் குறுக்கே கோடு போடும். எனவே, நிறத்தை நீக்கியபின், நுண்ணிய விவரங்களை மட்டும் நிறுத்திக்கொள்ளும் ஹை பாஸ் ஃபில்டரைப் போட்டு, அதன் அளவான ரேடியஸை நூலின் அகலத்தை ஒட்டி வையுங்கள். பட்டைகள் ஏறக்குறைய நடுச் சாம்பலாகக் கரைந்து, பட்டை சேரும் விளிம்பில் மட்டும் மெல்லிய தடம் தங்கும். நெசவு அப்படியே நிற்கும். அந்தத் தடத்தை, பக்கத்துப் பகுதியைப் பிரதியெடுத்து மூடும் குளோன் ஸ்டாம்ப் கருவியால் அழித்துவிடலாம். இதைப் படத்தின்மேல் தனி லேயராக வைத்து, அது கீழுள்ள படத்தோடு கலக்கும் முறையை ஸாஃப்ட் லைட் அல்லது ஓவர்லே என மாற்றினால், நடுச் சாம்பல் எதையும் மாற்றாமல் ஒதுங்கிக்கொள்ளும். நூலின் மேடும் பள்ளமும் மட்டும் படத்தில் ஏறும். பிறகு அந்த லேயரின் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) குறைத்துக்கொண்டே வந்து, இழை இருப்பது போதும் போதாததுமாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். சென்னிமலைப் போர்வைக்கும் இதே வழிதான்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் பல ஃபில்டர்களை ஒரே இடத்தில் காட்டும் ஃபில்டர் கேலரி மங்கலாகத் தெரிகிறது, அழுத்தினால் திறப்பதில்லை. மென்பொருள் கெட்டுவிட்டதா?
– வாசகர், ஈரோடு

பதில்: கெடவில்லை. படம் அச்சுக்கான நிறமுறையாகிய சிஎம்ஒய்கேயிலோ, நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டிலோ இருக்கும். திரைக்கான நிறமுறையாகிய ஆர்ஜிபி, 8 பிட் என்று மாற்றினால் திறக்கும். அச்சகத்துக்காக சிஎம்ஒய்கே ஆக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் எல்லையிலுள்ள நடுகல்லைப் படம் எடுத்தேன். பழமை தெரியட்டும் என்று கிராக்குலூர் ஃபில்டரால் விரிசல் சேர்த்தேன். ஊர் வரலாற்று மலரில் இதை வெளியிடலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: அட்டைப் படத்துக்கு அலங்காரமாக, ‘கணினியில் மாற்றியது’ என்ற குறிப்போடு வெளியிடலாம். கல்லைப் பற்றிய கட்டுரைக்குள் அதைத் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்த ஃபில்டர் கல்லின் உண்மையான பிளவைத் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. இல்லாத விரிசல்களைப் பரப்புகிறது. எழுத்துள்ள நடுகல்லாக இருந்தால், பொய் விரிசல் ஒன்று எழுத்தின் கீற்றாகவும், உண்மையான கீற்று ஒன்று விரிசலாகவும் படிக்கப்பட்டுவிடும். கல்லே பழமையானதுதான், அதைக் காட்ட மாலைச் சாய்வெயில் போதும். மாற்றாத மூலப் படத்தைத் தனியே பத்திரப்படுத்தி, மலர்க் குழுவினரிடமும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள்.